பெட்ரோல் டேங்கின் மேல் கிடந்த காகிதம்: பழைய மசில் காரை எந்த வழியில் மீட்பது?

1970 ஷெவர்லே ஷெவெல் வண்டியின் பெட்ரோல் டேங்கை இறக்கும்போது அவசரப்படக் கூடாது. இரண்டு பட்டைகளின் நட்டையும் தளர்த்தி, டேங்கை ஜாக்கியில் தாங்கி, ஒரு சாண் இறங்கியதும் டார்ச் அடித்து அதன் மேல்புறத்தைப் பார்க்க வேண்டும். எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்த ஆக்சில் என்று தொழிற்சாலையில் வண்டி கட்டியவர்களுக்குச் சொன்ன காகிதம் பல வண்டிகளில் அங்கேதான் கிடக்கும். பில்ட் ஷீட் என்பார்கள். என் வண்டியில் அது பழுப்பேறி, ஒரு மூலையை எலி தின்றுவிட்டு, மீதி டேங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் தெளித்து ஊறவைத்து, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை அடியில் கொடுத்து, முக்கால் மணி நேரம் பொறுமையாக நெம்பி எடுத்தேன். முன் பக்கவாட்டில் "எஸ்எஸ் 396" என்ற எழுத்துகள் பளபளத்த அந்த வண்டி, ஃபிளின்ட் ஆலையில் 307 எஞ்சினும் இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுமாகப் பிறந்த சாதாரண மாலிபு என்று அந்தக் காகிதம் சொன்னது. எஸ்எஸ் என்றால் சூப்பர் ஸ்போர்ட், ஷெவெலின் வேக ரகம்; 396, 307 என்பவை கன அங்குலத்தில் எஞ்சின் கொள்ளளவு. எழுத்துகளை யாரோ பின்னால் வாங்கி ஒட்டியிருக்கிறார்கள்.

ஏமாற்றம்தான். ஆனால் அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்குப் பாதி விடை அன்றைக்கே கிடைத்துவிட்டது. பழைய மசில் காரை, அதாவது பெரிய எஞ்சின் வைத்த அந்தக் காலத்து அமெரிக்க வேகக் காரை, வாங்கியவர்கள் எல்லோரும் எஞ்சினில் இருந்துதான் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். என் அனுபவத்தில் முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த வண்டி பிறப்பில் என்ன? அதற்கு ஆதாரம் இருக்கிறதா?

ஷெவெல் விஷயத்தில் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 தனி வரிசையாக வந்தது. வண்டி எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 1969 முதல் எஸ்எஸ் வெறும் கூடுதல் தொகுப்பு. டாஷ்போர்டு ஓரத்தில் இருக்கும் எண் 136370 என்று தொடங்கினால், எட்டு சிலிண்டர் உள்ள மாலிபு இரண்டு கதவு வண்டி, 1970 மாடல் என்று தெரியும். அடுத்த எழுத்து எஃப் என்றால் ஃபிளின்ட். அது எஸ்எஸ்தானா என்பதை அந்த எண் சொல்லாது. அதனால்தான் போலி எஸ்எஸ்கள் இத்தனை ஓடுகின்றன. இன்னொரு வேடிக்கை: 1970இல் 396 என்று எழுதி விற்ற எஞ்சினின் உண்மையான கொள்ளளவே 402 கன அங்குலம். பெயர் விற்றுக்கொண்டிருந்ததால் எண்ணை மாற்றவில்லை.

உங்கள் கையில் இருப்பது காகிதத்தோடு கூடிய உண்மையான எஸ்எஸ் 454 என்றால், அதிலும் 450 குதிரைத் திறன் எல்எஸ்6 எஞ்சினோடு வந்தது என்றால், தயவுசெய்து அதை வெட்டாதீர்கள், ஓட்டை போடாதீர்கள். அது தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்க வேண்டிய வண்டி. பழுதே பார்க்காமல் இருப்பதற்கும் பெரிய மதிப்பு உண்டு. ஸ்டீவ் மெக்குவீன் படத்தில் ஓட்டிய 1968 மஸ்டாங், பெயின்ட் வெளுத்து, இருக்கை கிழிந்த கோலத்தில்தான் 2020 ஜனவரியில் ஃபுளோரிடா ஏலத்துக்கு வந்தது. 34 லட்சம் டாலருக்குச் சுத்தியல் விழுந்தது.

சரி, தொழிற்சாலைத் தரத்தில் மீட்பது என்றால் என்ன? பலரும் நினைப்பதுபோல் பளபளவென்று ஆக்குவது அல்ல. கண்ணாடியில் பொறித்த தேதி, ஆல்டர்னேட்டரில் குத்திய தேதி, ரேடியேட்டர் ஹோஸை இறுக்கும் கிளாம்பின் வடிவம், சேசிஸில் தொழிலாளி சாக்பீஸால் கிறுக்கிய குறி என்று எல்லாமே அந்த மாதத்து வண்டிக்குப் பொருந்த வேண்டும். 1970இல் பூசிய பெயின்ட் இன்றைய பெயின்ட் அளவுக்கு வழவழப்பாக இருக்காது. கதவு இடைவெளிகூட ஒரே சீராக இருக்காது. போட்டிக்குக் கொண்டுபோனால், தேவைக்கு மேல் அழகாக்கியதற்கே மதிப்பெண் குறைப்பார்கள். பொறுமையும் காகித ஆராய்ச்சியும் பிடித்தவர்களுக்கு இது பெரிய சந்தோஷம். நான் மதிக்கும் வேலை. ஆனால் 307 எஞ்சின் மாலிபுவை அந்த அளவுக்கு மீட்டால், செலவு எஸ்எஸ்ஸுக்கு ஆகும் அதே செலவு. விற்கும்போது கிடைப்பது மாலிபு விலை. அதோடு, அப்படி மீட்ட வண்டியில் மழை நாளில் கடைக்குப் போக மனசு வராது.

எந்த வழியில் போனாலும் ஒரு வேலை மாறாது: டிங்கரிங். நான் இருக்கும் மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். அந்த உப்பு தின்ற வண்டியில் எவ்வளவு நல்ல எஞ்சினை வைத்தாலும் வீண். ஷெவெல் வாங்கப் போகிறவர்கள் ஒரு காந்தமும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். காந்தத்தைத் துணியில் சுற்றிப் பின் சக்கரத்துக்குப் பின்னால், கீழ்ப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே தகடு இல்லை, பட்டிதான். ஸ்க்ரூ டிரைவரைப் பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் வளையும் இடத்தில் குத்திப் பாருங்கள். "டங்" என்றால் சரி. "சொத்" என்றால் விலையைக் கேட்காமலே கிளம்பிவிடலாம். பின் கண்ணாடியின் கீழ்ச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். அங்கே துரு பிடித்தால் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கி, டிக்கித் தரையையும் தின்றுவிடும். கூரையில் வினைல் ஒட்டிய வண்டிகளில் இது இன்னும் மோசம். என் வண்டியில் டிக்கித் தரை முழுவதையும், முன் தரையில் ஓட்டுநர் பக்கத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. நல்ல வேளை, ஷெவெலுக்கு எல்லாத் தகடும் புதிதாக அச்சடித்துக் கிடைக்கிறது.

இனி, வெளியே பழையது, உள்ளே முழுக்கப் புதியது. ரெஸ்டோமாட் என்ற பெயரில் இன்று எல்லா கண்காட்சியிலும் கூட்டம் கூடுவது இதற்குத்தான். ஷெவர்லே வண்டி என்றால் எல்எஸ்3, ஃபோர்டு என்றால் கொயோட்டி, டாட்ஜ், பிளிமத் என்றால் புது ஹெமி என்று அந்தந்தக் கம்பெனியின் இன்றைய எஞ்சினையே வைப்பது வழக்கம். டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனிகளில் நம்மவர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், எஞ்சின் கன்ட்ரோல் துறையில் இருபது வருடம் இருந்தவர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வண்டியைப் பார்த்ததும் அவர் சொன்னது: "தம்பி, காகிதமே மாலிபுன்னு சொல்லிடுச்சு. இனி யாருக்குப் பயப்படணும்? எல்எஸ்3 போடு. காலையில் சாவியைத் திருப்பினா பத்து டிகிரி ஃபாரன்ஹீட் குளிர்லயும் ஸ்டார்ட் ஆகும்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எல்எஸ்3, 2008 கார்வெட்டில் 430 குதிரைத் திறனோடு வந்த 6.2 லிட்டர் அலுமினிய எஞ்சின். பழைய வார்ப்பிரும்பு 350ஐவிடச் சுமார் 70 கிலோ குறைவு. அந்தக் கனம் முன் சக்கரங்களின் மேல் இருந்து இறங்குவதால் வண்டி திரும்புவதே வேறு மாதிரி இருக்கும். இங்கே ஒரு கணக்கைத் தெளிவாக்க வேண்டும். 1970 எல்எஸ்6க்கு 450 என்கிறார்களே, அப்படியானால் எல்எஸ்3 அதைவிடக் குறைவுதானே என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் ஆல்டர்னேட்டரும் சைலன்சரும் ஏர் ஃபில்டரும் இல்லாமல், எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து அளந்தார்கள். 1972 முதல் எல்லாம் பொருத்திய நிலையில் அளந்து சொன்னார்கள். 1970இல் 200 என்று விற்ற அதே 307, 1972இல் 130 என்று ஆனதற்கு இது முக்கியக் காரணம். 1971இல் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரெஷனைக் குறைத்ததும் சேர்ந்துகொண்டது. ஆக, எல்எஸ்3யின் 430 எல்லாம் பொருத்திய நிலையில் எஞ்சின் நிஜமாகத் தரும் 430. எல்எஸ்6 அதன் பக்கத்தில் நிற்காது.

ஆனால் ஒன்றை மாற்றினால் ஒன்பது மாறும். எஞ்சின், அதன் கம்ப்யூட்டர், வயரிங் ஆகிய மூன்றுமே பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிடும். அது தொடக்கம்தான். பழைய எஞ்சின் மவுன்ட் நேராகப் பொருந்தாது, நடுவில் தகடு வேண்டும். டிரக்கில் இருந்து எடுத்த எல்எஸ் என்றால் ஆயில் பேன் கீழே தொங்கும், அதையும் மாற்ற வேண்டும். பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் தரும் அழுத்தம் ஐந்தாறு பிஎஸ்ஐ. புது எஞ்சினுக்கு 58 பிஎஸ்ஐ தேவை. அதனால் டேங்குக்குள் மின்சார பம்ப், புது பைப். அப்புறம் ரேடியேட்டர். அப்புறம் கியர்பாக்ஸ், அதன் நீளத்துக்கு ஏற்ப புரொப்பெல்லர் ஷாஃப்ட். மாலிபுவின் 8.2 அங்குல 10 போல்ட் ஆக்சில் நல்ல டயரோடு இந்தச் சக்தியை ரொம்ப நாள் தாங்காது. கன்வெர்ட்டிபிள் தவிர மற்ற ஷெவெல்களில் சேசிஸின் பக்கச் சட்டம் மூடிய பெட்டியாக இருக்காது, ஒரு பக்கம் திறந்திருக்கும். சக்தி கூடினால் அதையும் தகடு வைத்து மூட வேண்டும். சிலர் பழைய சேசிஸையே கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்த முழு சேசிஸின் மேல் பாடியை உட்காரவைக்கிறார்கள். அப்படிக் கட்டிய வண்டியை நான் ஓட்டியிருக்கிறேன். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் நேற்று ஷோரூமில் வாங்கிய கார் போல இருந்தன. பிரமாதம். ஆனால் இருபது நிமிடத்துக்கு மேல் ஓட்டிய பிறகு எனக்குள் ஒரு குறை தங்கிவிட்டது: பானட்டைப் பார்க்கும் நேரம் தவிர, பழைய வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன் என்ற உணர்வே வரவில்லை.

பணத்தைவிட என்னைத் தடுத்த விஷயம் ஒன்று உண்டு. வெல்டிங் வைத்த இடத்தையும் வெட்டிய இடத்தையும் திரும்பப் பழையபடி ஆக்குவது கடினம். கம்ப்யூட்டருக்கும் ஆயுசு உண்டு. 1970 டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை இன்றைக்கும் ஏதாவது ஊர்க் கடையில் வாங்கிவிடலாம். இன்று வாங்கும் கன்ட்ரோலருக்கு முப்பது வருடம் கழித்து மாற்று கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். வருடத்துக்கு எட்டாயிரம் மைல் ஓட்டுபவர், நெடுஞ்சாலையில் மாநிலம் மாநிலமாகப் போகிறவர், பெரிய பட்ஜெட்டை ஒரே மூச்சில் ஒதுக்க முடிந்தவர் என்றால் முழு ரெஸ்டோமாட் சரியான தேர்வு. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம் என்று நினைத்து இதில் இறங்குவதுதான் ஆபத்து. பாதியில் நின்ற ரெஸ்டோமாட்கள் கராஜுகளில் தூசி படிந்து கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியில் பாகம் பாகமாக விற்கிறார்கள்.

மின்சார மோட்டார் வழியும் இருக்கிறது. ஃபோர்டு 2021இல் எலுமினேட்டர் என்ற பெயரில் 281 குதிரைத் திறன் மோட்டாரை 3,900 டாலருக்குத் தனியாக விற்றது. ஆனால் அந்த விலையில் பேட்டரியும் கிடையாது, இன்வெர்ட்டரும் கிடையாது. பெரும் செலவே அந்த இரண்டில்தான். ஊருக்குள் மட்டும் ஓட்ட, எஞ்சின் ஏற்கெனவே போய்விட்ட வண்டிக்கு இது நல்ல வழி. எட்டு சிலிண்டர் சத்தத்துக்காகவே இந்த வண்டியை வாங்கிய எனக்கு ஒத்துவராது.

நான் எடுத்தது நடுவழி: போல்ட்டால் மாட்டக்கூடியதை மட்டும் மாற்றுவது, எதையும் வெட்டாமல் இருப்பது.

பிரேக்கில் தொடங்கினேன். இந்த வழியில் போகும் எல்லோரும் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். மாலிபு நான்கு சக்கரத்திலும் டிரம்மோடு வந்தது. சூடு ஏறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே கீழே போகும். ஒன்றரை டன் வண்டியில், முன்னால் போகும் இன்றைய கார் சட்டென்று நிற்கும்போது, அந்த உணர்வை ஒருமுறை அனுபவித்தால் போதும். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் மாற்றும் செட் போல்ட்டிலேயே மாட்டும். ஆனால் டிஸ்க் மட்டும் வாங்கிவிட்டு நிறுத்தக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரையும், முன்பின் அழுத்தத்தைப் பிரித்துவிடும் வால்வையும் டிஸ்க்குக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும். இல்லையென்றால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். பழைய 14 அங்குல வீலில் பல செட்டுகளின் காலிப்பர் இடிக்கும் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நான் 15 அங்குல ராலி வீலுக்கு மாறினேன். வெளியே பார்க்க அந்தக் காலத்து வண்டியாகவே இருக்கிறது.

அதே வாரம் சீட் பெல்ட். 1970இல் இடுப்புப் பட்டையும் தோள் பட்டையும் தனித்தனி. தோள் பட்டை கூரையோரம் கிளிப்பில் மாட்டியிருக்கும், பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. தானாகச் சுருளும் மூன்று முனைப் பெல்ட்டை அதே துளைகளில் மாட்ட முடிகிறது. என் மகள் பக்கத்தில் உட்காரும் வண்டி இது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து கியர்பாக்ஸ். எஞ்சினுக்கு முன்பே இதைச் செய்யுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. பவர்கிளைடின் மேல் கியர் ஒன்றுக்கு ஒன்று. 3.08 விகித ஆக்சில், 26 அங்குல உயர டயர் என்றால் 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 2,800 சுற்று சுற்றும். பேச்சுக் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் 200-4ஆர் என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் கடைசி கியர் 0.67. அதே வேகத்தில் சுற்று 1,900க்குக் கீழே வந்துவிடும். முதல் கியர் 2.74 என்பதால் சிக்னலில் கிளம்பும்போதும் வண்டி துள்ளும். நீளம் பவர்கிளைடு அளவே என்பதால் பழைய ஷாஃப்ட் அப்படியே பொருந்தும். அடியில் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மட்டும் பின்னால் தள்ள வேண்டும்.

இதில் எனக்கு ஒரு பெரிய நஷ்டம் நடந்தது. ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து இழுபடும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள்தான் இந்த கியர்பாக்ஸின் உள் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. நான் வண்டியைக் கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் அந்தக் கேபிளைத் தளர்வாக விட்டுவிட்டார்கள். அழுத்தம் குறைந்து, கிளட்ச் வழுக்கி, முந்நூறு மைலுக்குள் எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தது. கியர்பாக்ஸை இறக்கி மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. இரண்டாவது முறை நானே பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்துக் கேபிளை இறுக்கினேன். நீங்கள் செய்யும்போது, யார் பொருத்தினாலும், கேஜ் வைத்து அளந்த பிறகே வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவாருங்கள்.

எஞ்சின் கடைசி. 307ஐக் கழற்றிவிட்டு 290 குதிரைத் திறன் உள்ள புது 350ஐ அதே மவுன்ட்டில், அதே போல்ட்டில் உட்காரவைத்தேன். பழைய பாயின்ட் இக்னிஷனுக்குப் பதில் ஹெச்இஐ என்ற மின்னணு டிஸ்ட்ரிபியூட்டர். பழைய வயரில் மின்சாரத்தைக் குறைக்கும் தடுப்பு இருக்கிறது. ஹெச்இஐக்கு முழு 12 வோல்ட் வேண்டும், ஆகவே ஃபியூஸ் பெட்டியில் இருந்து தனி வயர் இழுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு ஹெச்இஐ சரியில்லை என்று சொல்கிறவர்கள் அதிகம். கேம் பழைய வகை என்பதால் துத்தநாகம் சேர்ந்த ஆயில்தான் ஊற்றுகிறேன்.

கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா என்பதில் ரொம்ப நாள் தடுமாறினேன். கார்புரேட்டர் இடத்திலேயே மாட்டி, தானாகக் கற்றுக்கொள்ளும் இன்ஜெக்‌ஷன் செட்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. கொலராடோ மாதிரி மலையேறி இறங்கும் ஊரில் இருந்தால் யோசிக்காமல் அதைப் போடுங்கள். இங்கே சமதளம். குவாட்ராஜெட் கார்புரேட்டரில் டிவி கேபிளின் கோணமும் இயல்பாகவே சரியாக அமைகிறது. அதையே வைத்துக்கொண்டேன்.

சஸ்பென்ஷனில் கொஞ்சம்தான் கை வைத்தேன். இந்த ஷெவெலின் முன் அமைப்பில் ஒரு பிறவிக் குறை: வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல்முனை வெளியே சாய்ந்து, டயரின் ஓரம் மட்டும் தரையைப் பிடிக்கும். சக்கரத்தைத் தாங்கும் மேல் கையை (கன்ட்ரோல் ஆர்ம்) மாற்றினால் இது பெருமளவு சரியாகிவிடுகிறது. அதுவும் நான்கு போல்ட் வேலைதான். ரேடியல் டயர் போட்டவர்கள் அலைன்மென்ட்டை 1970 கையேட்டுப்படி வைக்காதீர்கள். அந்த அளவுகள் அந்தக் காலத்து பயாஸ் வகை டயருக்கு எழுதியவை. இப்போது காஸ்டர், அதாவது ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாயும் கோணம், கூடுதலாக வேண்டும்.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில், 1995 முதல் நடக்கும் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தில், வெயிலில் ஆமை வேகத்தில் நான்கு மணி நேரம் ஊர்ந்தேன். ஃபேனைச் சுற்றிச் சரியான மூடி போட்டிருந்ததால் வெப்பமானி முள் நகரவில்லை. பக்கத்தில் எல்எஸ்3 வைத்த ஒரு கமாரோ, ஏசி ஓட, ஜன்னலை ஏற்றிக்கொண்டு சுகமாக வந்தது. அந்த ஏசி மட்டும் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. பழைய டாஷ்போர்டைக் கெடுக்காமல் பின்னால் மாட்டும் ஏசி செட் இருக்கிறது. வரும் குளிர்காலத்தில் அந்த வேலைதான்.

பவர்கிளைடை எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். 307 கராஜின் மூலையில் ஸ்டாண்டில் நிற்கிறது, மாதம் ஒருமுறை கையால் ஒரு சுற்று சுற்றிவிடுகிறேன். பிரேக் டிரம்கள், பழைய மேல் கைகள், தோள் பட்டையின் கிளிப்கள் எல்லாவற்றிலும் எந்தப் பக்கத்துப் பாகம் என்று சீட்டு கட்டியிருக்கிறது. கழற்றும்போது எடுத்த படங்களும் ரசீதுகளும் ஒரு கோப்பில். ஒப்புக்கொண்ட மதிப்புக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தபோது அவை கை கொடுத்தன. பில்ட் ஷீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக்குள் மாட்டியிருக்கிறேன். பக்கவாட்டில் இருந்த எஸ்எஸ் எழுத்துகளைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது "மாலிபு" என்று இருக்கிறது.